கூரையைப் பார்த்த கண்ணாடி

எங்கள் சுகாதார நிலையத்து ஜீப்பின் முன்கண்ணாடிக்கு மேலே, பின்னால் நடப்பதைப் பார்ப்பதற்கென்று நீளவாட்டில் ஒரு சிறிய கண்ணாடி இருந்தது. இடது மூலையில் ரசம் போய்க் கறுத்திருக்கும். மற்ற நேரங்களில் அது எல்லா வண்டிகளிலும் இருப்பதைப் போலத்தான் இருக்கும். ஆனால் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைப் பின்னால் ஏற்றிவிட்டால், சாவியைத் திருகுவதற்கும் முன்னால் ஓட்டுநர் செய்யும் முதல் காரியம், கையை நீட்டி அந்தக் கண்ணாடியை மேல்நோக்கித் திருப்புவதுதான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அது தார்ப்பாய்க் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கும். பின்னால் லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தால் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்ப்பாரே தவிர, கண்ணாடியைத் தொடமாட்டார். போகட்டும், இந்த மனுஷனிடம் இந்த ஒரு நாகரிகமாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன். அந்த நாளுக்கு முன் அவரைப் பற்றி நான் நல்லதாக நினைத்தது அது ஒன்றைத்தான். அதையும் தப்பாகத்தான் நினைத்திருந்தேன் என்று தெரியப் பல வருடங்கள் ஆயின.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. தொண்ணூறுகளின் நடுவில், சதுரங்கப்பட்டினத்திலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளியிருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செவிலியராக வந்து சேர்ந்தேன். வயது இருபத்து மூன்று. படித்த இடத்தில் உடற்கூறு பாடத்தில் நான்தான் முதல். கர்ப்பப்பையின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். இது பேச்சுக்குச் சொல்வதில்லை. விடுதியில் தோழிகள் துண்டால் என் கண்ணைக் கட்டிவிட்டு வரையச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். தலைகீழாக வைத்த பேரிக்காயின் வடிவம். நீளம் ஏழரை சென்டிமீட்டர், அகலம் ஐந்து, கனம் இரண்டரை. மேலே வளைந்த முகடு, நடுவில் உடல், கீழே ஒடுங்கும் கழுத்து. முகட்டின் இரு மூலைகளிலிருந்தும் கைகள் போல விரியும் கருக்குழாய்கள், அவற்றின் நுனியருகே சூலகங்கள். சுவருக்கு மூன்று அடுக்கு: வெளியே மெல்லிய போர்வை, உள்ளே மாதாமாதம் உதிர்ந்து வளரும் படலம், இரண்டுக்கும் நடுவில் தடித்த தசை. கையடக்கமான அந்த உறுப்பு ஒரு பிள்ளையைச் சுமக்கும் அளவுக்குப் பெருத்து, பெற்ற ஆறு வாரத்தில் மறுபடி இடுப்பெலும்புக்குள் போய் அடங்கிவிடுகிறது என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு பெரிய அட்டை வாங்கி, சிவப்பும் நீலமுமாக அந்தப் படத்தை வரைந்து, பாகங்களின் பெயர்களை அச்சடித்தது போல எழுதி, பிரசவ அறைச் சுவரில் மாட்டினேன். பார்க்க வந்த அதிகாரிகளெல்லாம் ‘யாரும்மா வரைந்தது?’ என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்தப் படத்தில் கர்ப்பப்பை அட்டையின் நட்டநடுவில், அக்கம்பக்கத்தில் யாருமே குடியில்லாத வீடு மாதிரி தனியாக நின்றது. புத்தகத்தில் பக்கவாட்டுப் படம் என்று இன்னொன்றும் உண்டு. தேர்வில் அதைக் கேட்பதில்லை, பார்க்கவும் அழகாக இருக்காது. அதனால் நான் அதை ஒரு தடவைகூட வரைந்ததில்லை.

ஓட்டுநருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அந்தக் கடலோரத்துக் குப்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். அண்ணன் தம்பிகள் கட்டுமரம் ஏற, இவருக்கு மட்டும் கடல் குமட்டிக்கொண்டு வந்ததால் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். வேலை நிரந்தரமில்லை, டாக்டர் நினைத்தால் நாளைக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். நான் வந்த முதல் நாளே என்னைப் பார்த்து, “இன்னாம்மா, நீதான் புது நர்ஸா?” என்று கேட்டார். எங்கள் ஊரில் வயதில் சின்னவர்களைக்கூட ‘வாங்க போங்க’ என்றுதான் சொல்லுவோம். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. அந்தப் பக்கத்தில் எல்லாரும் எல்லாரிடமும் அப்படித்தான் பேசுகிறார்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை என்று புரிந்துகொள்ளும் பொறுமை அப்போது எனக்கு இல்லை. பதிலுக்கு அவரை வெறும் ‘டிரைவர்’ என்று கூப்பிட்டு மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்திவிடுவார். தெரிந்தவர் யாராவது கையைக் காட்டினால் போதும். ஒரு நாள் தடுப்பூசி மருந்துகளை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில். திருக்கழுக்குன்றம் தாண்டி, சேற்றில் மாட்டிய யாருடைய டிராக்டரையோ தள்ளுவதற்கென்று இறங்கிப் போனவர் அரைமணி நேரம் கழித்து வந்தார். பெட்டிக்குள் ஐஸ் உருகித் தண்ணீர் தளும்பியது. அன்று சாயங்காலமே டாக்டருக்கு ஒரு புகார் எழுதிக் கொடுத்தேன்: வழியில் தன்னிஷ்டத்துக்கு வண்டியை நிறுத்துகிறார். டாக்டர் அவரைக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி எழுத்தில் வந்தால் வேலைக்கு வரவேண்டியதில்லை என்றார். அதோடு, அழைப்பு வரும்வரை பின்முற்றத்தைவிட்டு நகரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். வெளியே வந்தவர் என் மேசையருகே நின்று, “ஒன் கையெழுத்து முத்து முத்தா கீதும்மா. டாக்டரே சொன்னாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் காது சிவந்தது. ஆனாலும் நான் செய்தது சரிதான் என்றே இருந்தேன்; மருந்து விஷயத்தில் இன்றைக்கும் அது சரிதான்.

அதே வாரத்தில்தான் அவள் வந்தாள். மீன் கூடை சுமக்கிறவள், மூன்றாவது பிரசவம். காலை ஒன்பது மணிக்குக் குப்பத்திலிருந்து மணலில் நடந்தே வந்திருந்தாள். கூட மாமியார், புருஷன், புருஷனின் தம்பிகள் இரண்டு பேர். வராந்தாவில் வெளிநோயாளிகளின் வரிசை. பாதிக்கு மேல் ஆண்கள். கழிப்பறை பின்முற்றத்தின் கோடியில் இருந்தது. அதற்குப் போகவேண்டுமானால் அந்த வரிசையைக் கடந்துதான் போகவேண்டும். அந்தக் கடற்கரையில் பெண்கள் விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, பொழுது சாய்ந்தபின் ஒரு தடவை சவுக்குத் தோப்புப் பக்கம் ஒதுங்குவார்கள். நடுவில் அடக்கிக்கொள்வார்கள். அடக்குவதற்குத் தோதாகத் தண்ணீரையும் குறைத்துக் குடிப்பார்கள். வந்த சில மாதங்களில் இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும், கையில் பதிவேட்டோடு வாசலில் நின்றுகொண்டு, “ஒண்ணுக்குப் போயிட்டு வந்தாச்சாம்மா?” என்று உரக்கக் கேட்டேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. புருஷன் வேறு பக்கம் பார்த்தான். அவள் தலையைக் குனிந்தபடி ஆட்டினாள். ‘சிறுநீர் கழித்தார்’ என்று முத்து முத்தாக எழுதினேன். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். மதியத்தில் வலி ஒரேயடியாக வேகமெடுத்தது, கேட்கவில்லை.

இரண்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வந்த வேகத்திலேயே வீல் என்று அழுதது. நஞ்சுக்கொடியும் தானாக வந்தது; தட்டில் விரித்துப் பார்த்தேன், முழுதாக இருந்தது. டாக்டர் செங்கல்பட்டில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் இல்லாமலே ஒரு பிரசவத்தைப் பார்த்து முடித்துவிட்ட பெருமையோடு கையைக் கழுவிக்கொண்டு திரும்பினேன். அவளுக்குக் கீழே விரித்திருந்த துணி முழுக்கச் சிவந்திருந்தது. மாற்றினேன். அதுவும் நனைந்தது.

இந்த இடத்தில் அந்த நடு அடுக்குத் தசையைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அதன் நார்கள் ஒரே திசையில் ஓடுவதில்லை. கயிற்றுக் கட்டிலின் பின்னலைப் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பிள்ளைக்கு உணவு கொண்டுபோன ரத்தக் குழாய்கள் அந்தப் பின்னலின் கண்களுக்குள் நுழைந்துதான் உள்ளே போகின்றன. நஞ்சு பிரிந்து வெளியேறியதும் தசை சுருங்கவேண்டும். சுருங்கினால் குழாய்கள் எல்லாப் பக்கமும் நெரிபட்டு ரத்தம் நிற்கும். சுருங்காவிட்டால் நஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் அத்தனை குழாய்களும் வாயைத் திறந்தபடி கிடக்கும். ஒரு தாய் போய்விடுவதற்கு மணிக்கணக்கெல்லாம் ஆகாது. இதையெல்லாம் பத்து மதிப்பெண் கேள்வியாக எழுதியவள்தான் நான்.

வயிற்றில் கைவைத்துப் பார்த்தேன். தொப்புளுக்குச் சற்றுக் கீழே, நடுவில், கெட்டியாக ஓர் உருண்டை தட்டுப்படவேண்டும். எனக்குத் தட்டுப்பட்டது பிசைந்த மாவு போன்ற ஒன்று. அதுவும் தொப்புளுக்கு மேலே, வலது பக்கமாக ஒதுங்கி இருந்தது. வலது பக்கம் ஏன் போனது என்று ஒரு நொடி தோன்றியது. மூன்றாவது பிள்ளைக்காரிக்கு அப்படி இருக்கும்போல என்று விட்டுவிட்டேன். கையால் தேய்த்தால் இறுகியது, கையை எடுத்தால் தளர்ந்தது. சுருங்குவதற்கான ஊசியைப் போட்டேன். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினேன். துணி நனைந்துகொண்டே இருந்தது. “வண்டி!” என்று நான் கத்திய கத்தலில் வராந்தா வரிசை கலைந்தது.

ஜீப்பின் தரையில் மெத்தையை விரித்து அவளைப் படுக்கவைத்தோம். ஒரு பக்கத்துப் பெஞ்சில் குழந்தையோடு மாமியார், எதிர்ப் பெஞ்சின் விளிம்பில் நான், முன்னால் குனிந்து அவள் வயிற்றில் இரண்டு கைகளோடும். புருஷனைப் பஸ்ஸில் வரச் சொன்னோம். ஓட்டுநர் ஏறினார், கண்ணாடியைக் கூரைக்குத் திருப்பினார், சாவியைத் திருகினார். செங்கல்பட்டுக்கு முப்பது கிலோமீட்டர்.

அந்தச் சாலை இப்போது அகலமாகிவிட்டது. அன்றைக்கு அது ஏரிக்கரைகளில் வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு வளைவிலும் என் கை வயிற்றைவிட்டு நழுவும்; அந்த ஒரு நொடிக்குள் கர்ப்பப்பை தளர்ந்துவிடும்; மறுபடி தேடிப் பிடித்துத் தேய்க்கவேண்டும். மூன்றாவது துணி நனைந்தது. நாலாவதை மடித்து வைத்தேன். அவள் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. நாடியைப் பிடித்தால் ஓட்டமாக ஓடியது. “பாப்பா இன்னா பண்ணுது?” என்று கேட்டாள். தூங்குகிறது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே கேட்டாள். திருக்கழுக்குன்றத்து மலை தூரத்தில் தெரிந்தது, ஆனால் எவ்வளவு நேரம் போனாலும் அதே தூரத்திலேயே நிற்பது போல இருந்தது. “சீக்கிரம் டிரைவர், சீக்கிரம்” என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரல் உடைந்திருந்தது எனக்கே கேட்டது. எனக்கு அப்போது தெரிந்துவிட்டது, இவள் என் கைக்குக் கீழேயே போகப்போகிறாள் என்று.

“நர்ஸம்மா, ஒண்ணு கேக்கட்டா?” என்றார் ஓட்டுநர், திரும்பாமல்.

“பேசாம ஓட்டுங்க!”

“ஓட்டிகினுதான் கீறேன். அந்தம்மா ஒண்ணுக்கு வுட்டுச்சா?”

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த துணியை அவர் தலையில் எறிந்திருப்பேன். ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கிறாள், இந்த ஆள் கேட்கிற கேள்வியைப் பார். “அதெல்லாம் காலையிலேயே போயாச்சு. நோட்டுல எழுதியிருக்கு.”

“நோட்டுல இருக்கும்மா. காலைலேர்ந்து நான் அந்தக் கக்கூஸாண்டதான் வண்டி கழுவிகினு இருந்தேன். நவுரக் கூடாதுன்னு ஆர்டர் கீதில்ல. அந்தம்மா அந்தப் பக்கமே வர்ல.” ஒரு மாட்டு வண்டியைத் தாண்டிவிட்டுத் தொடர்ந்தார். “ஆம்பளைங்க எதிர்ல கேட்டா எங்க பொம்பளைங்க ஆமான்னுதான் தலையாட்டும். மின்னாடி இருந்த நர்ஸம்மா வண்டில ஏத்தும்போதே மொதல்ல அதத்தான் கேப்பாங்க. காதாண்ட குனிஞ்சு கேப்பாங்க.”

நான் அவள் அடிவயிற்றைப் பார்த்தேன். அதுவரை மேலேயே தேடிக்கொண்டிருந்த கண்ணுக்கு, இடுப்பெலும்புக்கு மேலே இன்னொரு மேடு புடைத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. நான் வரையாமல் விட்ட பக்கவாட்டுப் படம் அப்படியே கண்முன்னால் வந்து நின்றது. கர்ப்பப்பை தனியாகவா இருக்கிறது? முன்னால் ஒட்டினாற்போல் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், நடுவில் முன்பக்கமாகச் சாய்ந்து, சிறுநீர்ப்பையின் மேலேயே கவிழ்ந்தபடி கர்ப்பப்பை. முன்னால் இருப்பது நிரம்பி ஊதினால் இது மேலே தள்ளப்பட்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒதுங்கினால் சுருங்க முடியாது. எத்தனை ஊசி போட்டாலும், எத்தனை தேய்த்தாலும் முடியாது. வலது பக்கம், வலது பக்கம் என்று என் கை அரைமணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

குனிந்து அவள் காதருகில் கேட்டேன். “காலையிலேருந்து போகவே இல்லையாம்மா?” அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் நீர் வழிந்தது. “எப்டிம்மா போறது, எல்லாரும் குந்திகினு இருந்தாங்களே” என்றாள். உயிர் போகிற நேரத்திலும் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பிரசவப் பெட்டியில் சிறுநீரை வெளியேற்றும் ரப்பர் குழாய் இருந்தது. குதிக்கிற வண்டியில் அதைச் செலுத்த முடியாது, நிறுத்தியாகவேண்டும். ரத்தம் போய்க்கொண்டிருக்கிற பெண்ணோடு நடுவழியில் வண்டியை நிறுத்துவதா? நினைத்தது தப்பாகிப்போனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு நான் யாருக்கு என்ன பதில் சொல்வேன்? பெட்டி திறந்த சத்தத்தைக் கேட்ட ஓட்டுநர், “நானா நிறுத்த மாட்டேம்மா. நீ சொன்னாத்தான் நிறுத்துவேன்” என்றார். என் புகாரை அவர் மறக்கவில்லை. ஆனால் சொல்லும்போதே வண்டியின் வேகம் குறைந்துகொண்டிருந்தது. கால் ஏற்கெனவே பிரேக்குக்குப் போயிருந்தது.

“நிறுத்துங்க” என்றேன்.

ஒரு புளியமரத்தடியில் நின்றது. அவர் குதித்து இறங்கி, தன் துண்டை ஜீப்பின் பின்வாசலில் திரைபோலக் கட்டிவிட்டு, வரப்பில் கொஞ்ச தூரம் நடந்து போய் முதுகைக் காட்டி நின்றார். மாமியார், “ஐயோ, ஏன் நிறுத்துனீங்க, என் மருமவளைக் கொல்றீங்களே” என்று அலற ஆரம்பித்தாள். குழந்தையும் விழித்துக்கொண்டு அழுதது. முதல் தடவை குழாய் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றேன். தட்டு நிரம்பியது. வெளியே கொட்டிவிட்டுப் பிடித்தேன், மறுபடி நிரம்பியது. மூன்றாவது முறையும் பாதிக்கு வந்தது. என் இடது கை அவள் வயிற்றிலேயே இருந்தது. கூட்டமான பஸ்ஸில் பக்கத்துக்காரர் எழுந்து போனதும் நெருக்கிக்கொண்டு நின்றவர் நிம்மதியாக உட்காருவாரே, அப்படி அந்த மாவு உருண்டை மெல்ல இறங்கி, வலதிலிருந்து நடுவுக்கு வந்தது. அப்புறம் என் உள்ளங்கைக்குக் கீழே அது இறுகியது. கையை எடுத்துப் பார்த்தேன். தளரவில்லை. கல்லாக நின்றது. புதுத் துணி ஒன்றை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு கறை விழுந்தது, அகலமானது, பிறகு அகலமாவதை நிறுத்திக்கொண்டது. “போகலாம்!” என்று கத்தினேன். வரப்பில் அவர் ஓடிவந்த சத்தம் கேட்டது.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். பெண் டாக்டர் ஒருவர் என் குறிப்புகளைப் படித்துவிட்டு, “வழியில கதீட்டர் போட்டது யாரு?” என்று கேட்டார். நான்தான் என்றேன். “வண்டிய நிறுத்திப் போட்டியா? நல்ல மூளைம்மா ஒனக்கு. இல்லேன்னா கர்ப்பப்பையை எடுத்துத்தான் காப்பாத்தியிருக்கணும், அதுக்கும் டைம் இருந்திருக்குமோ என்னமோ” என்று சொல்லி, சுற்றி நின்ற மாணவிகளைப் பார்த்து, “கேட்டுக்கோங்க, எங்கயோ கடலோரத்துல வேலை பாக்கற நர்ஸுக்குத் தோணியிருக்கு” என்றார். வாசலில் பிரசவப் பெட்டியைக் கையில் பிடித்தபடி ஓட்டுநர் நின்றிருந்தார். எனக்கில்லை, அவருக்குத்தான் தோன்றியது என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் எழுதிய அறிக்கையில் ‘என் அறிவுறுத்தலின்பேரில் வண்டி வழியில் நிறுத்தப்பட்டது’ என்று எழுதினேன். அவர் வேலையைக் காப்பாற்றத்தானே அப்படி எழுதுகிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மையும் இருந்தது. மீதிப் பாதி என்னவென்று எனக்குத் தெரியும்.

பத்தாம் நாள் அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தே எங்கள் நிலையத்துக்கு வந்து போனாள். சுவரிலிருந்த அட்டையைக் கழற்றிவிட்டு, அதன் பின்பக்கத்தில் பக்கவாட்டுப் படத்தை வரைந்து மாட்டினேன். கோணலும் மாணலுமாக வந்தது. அதிகாரிகள் யாரும் பாராட்டவில்லை. அதன்பிறகு அந்தக் கேள்வியை நான் வாசலில் நின்று கேட்டதே இல்லை. கேட்பதையும் விட்டுவிட்டேன், வரிசையிலிருக்கும் ஆண்களை முன்பக்கம் போகச் சொல்லிவிட்டு, நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். ஓட்டுநரை ‘அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்தேன். “இன்னாம்மா, திடீர்னு அண்ணன் ஆய்ட்டேன்?” என்று சிரித்தார். அன்றைய நாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்புறமும் ஒவ்வொரு பயணத்திலும் கண்ணாடி கூரைக்குத் திரும்பிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியையாகப் போனேன். ஒவ்வொரு வருடமும் கர்ப்பப்பைப் பாடத்தைப் பக்கவாட்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன். முதலில் சிறுநீர்ப்பையை வரையச் சொல்வேன், அப்புறம்தான் கர்ப்பப்பை. அந்த ஜீப் கதையையும் சொல்வேன். சொல்லும்போதெல்லாம், ‘அப்போது எனக்குப் பளிச்சென்று தோன்றியது’ என்றுதான் சொல்வேன். பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். வருடம் போகப் போக ‘பளிச்’ கூடிக்கொண்டே வந்தது. ஓட்டுநர் என்று ஒருவர் அந்தக் கதையில் வண்டியை ஓட்டுவதற்கு மட்டுமே இருந்தார். முத்து முத்தாக எழுதிய பொய் ஒன்று ஒரு பெண்ணின் உயிரை எடுக்கப் பார்த்தது. அதற்குப் பிறகு நான் வருடாவருடம் இன்னொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில், மாணவிகளைக் கூட்டிக்கொண்டு பழைய சுகாதார நிலையத்துக்குப் போனேன். சைரன் வைத்த ஆம்புலன்ஸ் வந்துவிட்ட காலம். எங்கள் ஜீப் பின்முற்றத்தில், அதே கழிப்பறைக்குப் பக்கத்தில், சக்கரம் இறங்கி, கொடி படர்ந்து நின்றது. அதற்கருகில் நரைத்த தலையோடு ஒருவர் நின்றிருந்தார்; எங்கள் ஓட்டுநர்தான். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுவதாகச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சி மகளைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்திருந்தார். அவள் உள்ளே என் மாணவிகளிடம் இருந்தாள். “ஒம் பொண்ணுங்க கதவ சாத்திகினு தனியாத்தான கேக்கறாங்க?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப சரி” என்றார்.

ஏதோ ஒரு ஆசையில் நான் அவருடைய இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அத்தனை வருடம் அந்த வண்டியில் போயும் அங்கே உட்கார்ந்ததில்லை. கண்ணாடி இன்னும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தானையால் தூசியைத் துடைத்து, கீழே திருப்பிப் பார்த்தேன். மெத்தை விரிக்கும் தரை அதில் தெரியவே இல்லை. முன்சீட்டின் முதுகு அதை முழுவதுமாக மறைத்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் பிரசவத்துக்குப் படுத்திருக்கிற பெண் அதில் தெரிய வழியில்லை. தெரிந்தது, நான் உட்காரும் பெஞ்சின் விளிம்பு மட்டும்தான்.

“அண்ணே, இதுல அவங்க தெரியவே மாட்டாங்களே. அப்புறம் எதுக்கு மேல திருப்புவீங்க?”

அவர் கொடியைப் பிய்த்து எறிந்துகொண்டே சொன்னார். “ஒம் மூஞ்சிதாம்மா தெரியும். நர்ஸம்மா மூஞ்சில பயத்தைப் பாத்துட்டா எனுக்குக் கால் ஒதறும். அப்பால எங்க வண்டி ஓட்றது?”

நான் இறங்கிக்கொள்ள, அவர் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். நான் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். பெஞ்சில் ரெக்ஸின் கிழிந்து தேங்காய் நார் வெளியே வந்திருந்தது. நான் அவர் முதுகைப் பார்த்தபடி இருந்தேன். அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். “அன்னைக்குக் கேட்டது நீங்கதான்னு நான் யார்கிட்டயும் சொல்லலண்ணே. டாக்டர்கிட்ட சொல்லல. இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட படிக்கிற பிள்ளைங்ககிட்டகூட எனக்குத் தோணுச்சுன்னுதான் சொல்லிட்டிருக்கேன்.”

உள்ளே அவர் மகள் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

“தெரியும்மா” என்றார். “வாசலாண்டதான நின்னுகினு இருந்தேன். அந்தம்மா பொழச்சு வூட்டுக்கு நடந்து போச்சில்ல, அத்த வுடு.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கண்ணாடியை நான் கீழே திருப்பியபடியே விட்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் திரும்பவில்லை. இடது கையை மட்டும் நீட்டி, அதைக் கூரைக்குத் திருப்பினார்.